போக மட்டும் இரண்டு டிக்கெட்

செய்தி வந்தபோது அவள் யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தாள். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்து மெழுகில் பல் செய்து, பிறகு பீங்கானில் சுட்டு எடுப்பது அவள் வேலை. லேபில் மொத்தமே நான்கு பேர். ஆட்கள் யாரும் வருவதில்லை, பற்கள்தான் வந்து போகும். அதனாலேயே அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது.

போனில் சிட்டு. நாத்தனார் மகள். வீட்டில் கூப்பிடும் பெயர் அது.

"அத்தை... மாமா போய்ட்டாரு அத்தை."

"எங்க?" என்று கேட்டுவிட்டாள். அவன் எப்போதும் எங்கேயாவது போய்க்கொண்டிருந்தவன்தானே.

அந்தப் பக்கம் அழுகை வெடித்தது. அப்புறம்தான் இவளுக்கு உறைத்தது.

காலையில் குளித்துவிட்டு வந்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தானாம். அப்படியே சாய்ந்துவிட்டானாம். வயது நாற்பத்தாறு. நாளைக் காலை பதினொரு மணிக்குத் தகனம். யாருக்காகவும் தள்ளிப்போடுவதாக இல்லை.

"நீங்க வருவீங்களா அத்தை?"

"நீ எப்படிப் போற?"

"தெரியல. பஸ்ஸுல கிளம்பினா நாளான்னைக்குத்தான் போய்ச் சேருவேன். பிளைட்டு பார்த்தேன், என் மூணு மாசச் சம்பளம் கேக்குறான்."

சிட்டு அதே நகரத்தின் மறுகோடியில், ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அப்பா இல்லாத பெண். பள்ளிக்கூடத்திலிருந்து நர்சிங் வரை படிக்க வைத்தது மாமன். உறவெல்லாம் அறுந்த பிறகும், அம்மாவுக்குத் தெரியாமல் இவளுக்கு அவ்வப்போது போன் போடுகிறவள் அவள் ஒருத்திதான்.

"இரு, பார்த்துச் சொல்றேன்" என்று போனை வைத்தாள். கையில் இருந்த பல்லைச் செதுக்கி முடித்தாள். முடித்த பிறகுதான் அதை ஏன் முடித்தோம் என்று தோன்றியது.

இருவரும் பிரிந்து நான்கு வருடம். வக்கீல், கையெழுத்து எல்லாம் ஒழுங்காக முடிந்த பிரிவு. ஊருக்குச் சொல்கிற மாதிரி சண்டை எதுவும் கிடையாது. அவன் ஆஸ்பத்திரி ஸ்கேன் மெஷின்களைப் பழுது பார்க்கிறவன். மாதத்தில் இருபது நாள் ஆகாயத்தில் இருப்பான். வீட்டுக்கு வந்தால் விருந்தாளி மாதிரி துண்டு எங்கே இருக்கிறது, கூடத்து விளக்குக்கு ஸ்விட்ச் எது என்று கேட்பான். ஒருநாள் அவள் சொன்னாள்: "நீங்க வந்துட்டு வந்துட்டுப் போறீங்க. இருக்கறதில்ல." அவன் யோசித்துப் பார்த்துவிட்டு, "வாஸ்தவம்தான்" என்றான். சண்டை போட்டிருந்தால்கூட இருந்திருப்பாள். ஆனால் அவனுடைய அக்கா, "என் தம்பிய ஓட ஓட விரட்டிட்டா" என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லி வைத்தாள். அதோடு அந்தப் பக்கம் பேச்சே நின்றது.

அவளும் டிக்கெட் விலையைப் பார்த்தாள். சிட்டு சொன்னது பொய்யில்லை. அப்போதுதான் மைல்கள் நினைவுக்கு வந்தன.

அத்தனை வருடம் பறந்ததற்கு விமானக் கம்பெனி அவனுக்கு மைல் மைலாகக் கொடுத்து வைத்திருந்தது. கல்யாணமான புதிதில் அதைக் குடும்பக் கணக்காக மாற்றி, அவள் பெயரையும் சேர்த்திருந்தான். "நீ கால நீட்டிட்டு வீட்டுல உக்காந்திரு. உனக்கும் சேர்த்து நான் பறக்கறேன்" என்பான். அவர்கள் ஒன்றாகப் பறந்தது ஒரே ஒரு முறை.

பழைய கடவுச்சொல் வேலை செய்தது. கணக்கின் தலைவர் என்று அவன் பெயர், உறுப்பினர் என்று கீழே அவள் பெயர். அவன் அவளை நீக்கவில்லை. அதற்காக உருகிப்போக அவள் தயாராக இல்லை. எதையும் நீக்குகிற ஆளில்லை அவன். காலாவதியான மாத்திரைகளை வருடக்கணக்காக அலமாரியில் வைத்திருந்தவன். மிச்சம் இருந்தது நாற்பத்திரண்டாயிரம் மைல். ஆனால் திரையில் எந்த விமானத்தைத் தட்டினாலும் "இடமில்லை" என்றே வந்தது. கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள்.

இருபது நிமிடச் சங்கீதத்துக்குப் பிறகு ஓர் ஆண் குரல் வந்தது. விவரம் கேட்டுக்கொண்டு தேடியது.

"இன்னிக்கு மதியம் ரெண்டரை மணி விமானத்துல இடம் இருக்கு மேடம், எங்க பக்கம் திறந்து தர முடியும். போய் வர ஒருத்தருக்கு நாப்பதாயிரம் மைல் ஆகும். கணக்குத் தலைவர் சம்மதிக்கணும். அவர்கிட்ட பேசலாமா?"

அவள் மேசையில் கிடந்த மெழுகுத் தூளை விரலால் ஒதுக்கினாள்.

"அவர் பேசற நிலைமையில இல்ல."

"பயணக் காரணம்?"

"சாவு."

"நெருங்கின உறவா மேடம்?"

"ஆமா" என்றாள். பிறகு, "இருந்தாரு" என்றாள்.

விசைப்பலகைச் சத்தம் நின்றது. அந்தக் குரல் மெதுவாக, எழுதி வைத்ததைப் படிப்பது போலில்லாமல் பேசியது. "மேடம், தலைவர் இறந்துட்டார்னு தகவல் வந்தா நான் கணக்க மூடணும். எனக்கு இதுவரைக்கும் அப்படி எதுவும் யாரும் சொல்லல. நீங்களும் சொல்ல வேணாம். அவர் போனுக்கு ஆறு இலக்க எண் ஒண்ணு வரும். மூணு நிமிஷத்துக்குள்ள அத எனக்குச் சொன்னா போதும். யாரு படிச்சுச் சொல்றாங்கன்னு எனக்குத் தெரியாது."

பிரிந்த பிறகு அவன் அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தான். அவன் போனும் அங்கேதான் இருக்கும்.

லேபின் மேசைப் போனை எடுத்து, நான்கு வருடமாகச் சுழற்றாத எண்ணைச் சுழற்றினாள். அது மறந்துபோயிருக்கவில்லை.

"யாரு?" அழுது அழுது தேய்ந்த குரல்.

"நான்தான் அக்கா."

பின்னால் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் மட்டும் கேட்டது.

"இப்ப எதுக்குப் பண்ற?"

"அக்கா, அவர் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். அதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. டிக்கெட் போடணும்."

"நீ வரணுமா?"

"வரணும்."

"இருந்தப்ப வராதவ இப்ப வந்து என்ன பண்ணப்போற?"

அதற்குப் பதில் சொல்ல நேரமில்லை. மற்றக் காதில் அந்தக் குரல், "மேடம், மூணு நிமிஷம் முடிஞ்சிருச்சு, வேற எண் அனுப்பட்டுமா?" என்றது.

"கொஞ்சம் இருங்க" என்றாள் அதற்கு. பிறகு மேசைப் போனில், "அக்கா, சிட்டு எப்படி வரா?" என்று கேட்டாள்.

நாத்தனாரின் குரல் உடைந்தது. "அவ எங்க வருவா... வீடியோவுல பாத்துக்கறேம்மாங்கறா. படிக்க வெச்ச மாமன் மூஞ்சிய வீடியோவுல பாக்கணுமாம்."

அவள் மற்றப் போனுக்குத் திரும்பினாள். "வர்றதுக்கு வேணாம். போக மட்டும்னா ரெண்டு பேருக்குப் போட முடியுமா?"

"முடியும் மேடம்."

"அப்ப ரெண்டு பேருக்கு. அந்த எண்ண மறுபடி அனுப்புங்க."

நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "போக மட்டும்னா, நீ எப்படித் திரும்புவ?"

"ரயில்ல. எனக்கென்ன அவசரம்? போன எடுங்க அக்கா."

"இரு இரு, கண்ணாடியக் காணோம்... வந்திருச்சு. ஏழு. நாலு. நாலு. இது ஒண்ணா ஏழா... ஒண்ணு. எட்டு. மூணு."

அவள் ஒவ்வொன்றையும் மற்றப் போனில் திருப்பிச் சொன்னாள். விசைகள் தட்டப்பட்டன. "ஆச்சு மேடம்" என்றது அந்தக் குரல். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லக் கூடாது என்பது நினைவுக்கு வந்தது போல, "உங்கள் பயணம் இனிதாக அமையட்டும்" என்று எழுதி வைத்ததையே படித்து முடித்தது.

விமானத்தில் சிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து வழி முழுக்க அழுதாள். இவளுக்கு அழுகை வரவில்லை. முன் இருக்கையின் முதுகில் செருகியிருந்த பாதுகாப்பு அட்டையை எடுத்து, கதவு எப்படித் திறக்கும் என்பதைக் கவனமாகப் படித்தாள். தட்டில் வந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். பக்கத்தில் இருப்பவர்கள் தன்னைக் கல் நெஞ்சுக்காரி என்று நினைப்பார்களோ என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு அதுவும் போய்விட்டது.

மறுநாள் தகனக் கூடத்தில் அவனை நெருங்கிப் பார்த்தாள். கொஞ்சம் இளைத்திருந்தான். உதடு லேசாகத் திறந்து, மேல்வரிசை முன்பல் ஒன்று தெரிந்தது. அது அவள் செய்தது. கல்யாணமான வருடம் மெஷின் மூடி இடித்து உடைந்த பல்லுக்காக ராத்திரியும் பகலுமாக உட்கார்ந்து செய்தாள். பக்கத்துப் பல்லைவிட ஒரு சாயல் வெளுப்பு. மாற்றித் தருகிறேன் என்று எத்தனையோ முறை சொன்னாள். "இருக்கட்டும், சிரிச்சா நீதான் முன்னால நிக்கற" என்று அவன் கடைசி வரை மாற்றிக்கொள்ளவில்லை. அவள் கர்ச்சீப்பால் அவன் உதட்டை மெல்ல மூடிவிட்டாள். பின்னால் நின்றவர்களுக்கு வழிவிட்டு நகர்ந்தாள்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். ஒரு டம்ளர் காபியை நீட்டினாள்.

"நீ அவன விரட்டிட்டன்னு சொன்னது நான்தான். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"பரவால்ல அக்கா."

"பரவால்லன்னு சொல்லாத. எனக்கு உன் மேல கோவம் இன்னும் போகல. அது வேற. என் பொண்ணக் கூட்டிட்டு வந்து காட்டினியே, அது வேற."

"சரிக்கா" என்றாள். அந்தக் கணக்கு அவளுக்கு நியாயமாகவே பட்டது.

சிட்டு பதினைந்து நாள் லீவு போட்டு அம்மாவோடு தங்கிவிட்டாள். அவள் மட்டும் மறுநாள் மதியம் ரயில் ஏறினாள். இரண்டு நாள் பயணம், மேல் பெர்த். எதிரில், கீழ் பெர்த்துக்குரிய தையற்காரப் பெண்மணி ஒருத்தி மூட்டை நிறையத் துணியோடு உட்கார்ந்திருந்தாள். வண்டி ஊர் எல்லையைத் தாண்டும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள். கூலி, முதுகு வலி, மருமகளின் கஞ்சத்தனம் எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டாள்.

"நீங்க எங்க போய்ட்டு வர்றீங்க?"

"ஒரு சாவுக்கு."

"யாருக்கு?"

"வீட்டுக்காரருக்கு."

சொல்லிய பிறகுதான் அந்த வார்த்தை அவள் காதில் விழுந்தது. திருத்தப் பார்த்தாள். "அதாவது, முன்னால..." என்று தொடங்கினாள். அதற்கு மேல் எதுவும் வரவில்லை. ரொம்ப நேரம் அழுதாள். கர்ச்சீப் போதாமல் முந்தானையால் துடைத்தாள்.

தையற்காரி எழுந்து, தன் மூட்டையைத் தூக்கி மேல் பெர்த்தில் போட்டாள்.

"நீங்க கீழ படுத்துக்குங்க. எனக்கு ஏறி எறங்கிப் பழக்கம்தான்."