மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே

என் வீட்டுக்காரர் இராமலிங்கத்துக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கோலாலம்பூர் யார்டில் முப்பது வருஷம் ரயில் பெட்டி கழுவிய மனுஷன். ஓய்வு பெற்று, பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, கிள்ளானில் என் அம்மா வீட்டுக்கு வந்ததும் பப்பாளி மரத்தைச் சுற்றிக் குட்டித் தண்டவாளம் போட்டார். பாட்டரியில் ஓடும் எஞ்சின் ஒன்றைப் பண்டமாரானில் பழைய சாமான் கடையில் பிடித்தார். பலகையிலும் பிஸ்கட் டின் தகரத்திலும் முழ நீளத்துக்கு மூன்று பெட்டிகள் செய்தார். உள்ளே பெஞ்சுகூட உண்டு. காப்பி நிறமும் வெண்ணெய் நிறமும் அடித்து முடித்தபோது, பொய் சொல்லக் கூடாது, அழகாய்த்தான் இருந்தன. அதோடு விட்டிருக்கலாம் அல்லவா?

மறுநாளே அழுக்குப் பூச உட்கார்ந்துவிட்டார். கூரையில் கரித்தூளைத் தேய்த்தார். செங்கல்லை இடித்துச் சலித்துச் சக்கரத்துக்கு மேலே தடவினார். பிரேக் கட்டை தேய்ந்து கிளம்பும் தூசி அங்கேதான் படியுமாம். மழைத் தண்ணீர் வழிந்த தடத்தை மெல்லிய தூரிகையால் இழுத்தார். புதுப் பெட்டியைப் பாழாக்குகிறீர்களே என்று நான் கத்தாத நாள் இல்லை.

"கழுவினவனுக்குத்தான்லா தெரியும், அழுக்கு எங்க உக்காரும்னு" என்பார்.

கடைசிப் பெட்டியில் மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே மட்டும் மஞ்சளும் வெள்ளையுமாய் ஒரு வழிசல். அதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். காக்கை எச்சமா என்று கேட்டேன். தூரிகையை நனைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.

எண்பத்தாறு புரட்டாசியில் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தவர் முதலில் கேட்டது பெட்டி பத்திரமா என்றுதான். பொண்டாட்டி பக்கத்தில் நிற்பது கண்ணுக்குத் தெரியவில்லை. கோபம் வந்தாலும் அடக்கிக்கொண்டேன்.

இரண்டு நாளில் ஆயுத பூஜை. யார்டில் அன்றைக்குப் பெட்டிகளைப் பளிச்சென்று கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். அவர் கை விளங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, அரிவாள்மனை, தையல் மெஷின், சைக்கிள் எல்லாவற்றோடும் அந்த மூன்று பெட்டிகளையும் சோப்புப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தேன். அந்த வழிசல்தான் லேசில் போகவில்லை. நகத்தால் சுரண்டி எடுத்தேன். பொட்டு வைத்துப் பூச்சுற்றிச் சாமிக்கு முன்னால் வைத்தபோது மனசு நிறைந்திருந்தது.

பத்தாம் நாள் அவரை வீட்டுக்குக் கூட்டி வந்து நாற்காலியில் உட்காரவைத்து, கடைசிப் பெட்டியை எடுத்துப் பெருமையாய் மடியில் வைத்தேன். இடது கையால் திருப்பினார். மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே விரலால் தடவிக்கொண்டே இருந்தார். திட்டினால் திருப்பித் திட்ட நானும் தயாராய் நின்றேன். அவர் அழுதார். மகள் போன அன்றைக்குப் பிறகு அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"அறுபத்தெட்டுல," என்றார். நாக்குக் குழறியது. "பாப்பாவ ரயில்ல கூட்டிட்டு வந்தியே."

கூட்டி வந்தேன். ஐந்து வயது நல்லம்மாள். இதே வீட்டில் அம்மாவோடு நான்கு நாள் இருக்கலாம் என்று வந்த இடத்தில் காய்ச்சல் கண்டு கொதித்தாள். கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரிக்குக் காலை ரயிலில் கொண்டுபோனேன். குடித்த பாலையெல்லாம் வழியில் ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தாள். அன்று சாயங்காலம் போய்விட்டாள். கடைசிப் பெட்டி, மூன்றாவது ஜன்னல் என்று அவரிடம் சொல்லிச் சொல்லி அழுதது நான்தான்.

"அந்தப் பெட்டி அன்னிக்கு மத்தியானம் யார்டுக்கு வந்துச்சு, தனம். எனக்கு ஒண்ணும் தெரியாது. எவன் புள்ளையோ இப்படிப் பண்ணி வச்சிருக்குன்னு திட்டிக்கிட்டே நான்தான் கழுவினேன்."

பதினெட்டு வருஷம். ஒரே பாயில் படுத்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாவி மனுஷா, சொல்லியிருந்தால் தொட்டிருப்பேனா என்று அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்துபோய்ச் சாய டப்பாவையும் தூரிகையையும் கொண்டுவந்தேன். எப்படி என்று சொல்லுங்கள், நானே போட்டுத் தருகிறேன் என்றேன்.

அவர் தலையை ஆட்டினார்.

"வேணாம் தனம். நீயாவது சாமியக் கும்பிட்டுக் கழுவுன."