சுகிர்தம் வீட்டு முடக்கு

நெல்லியடியிலிருந்து உடுப்பிட்டிப் பக்கம் வருகிற வீதியில், உள்ளூர் ஒழுங்கையொன்று வந்து ஏறுகிற மூலையில் சுகிர்தத்தின் வீடு. மூலை என்றால் சும்மா மூலை இல்லை. ஆளுயர மதில் இரண்டு பக்கத்தையும் மறித்துக்கொண்டு நின்றது. ஒழுங்கையால் வருவது மாடா, மனிசனா, லான்ட்மாஸ்ரர் உழவு மெசினா என்று வீதியில் வருகிறவனுக்கு மூக்கு முட்டும்வரை தெரியாது. அதனால் அந்த முடக்குத் திருப்பத்துக்கு வந்தால் யாராயிருந்தாலும் ஹோன் அடிக்கவேண்டும். பிரேக் பிடிக்கிறானோ இல்லையோ, ஹோன் அடிப்பான்.

இந்தப் பழக்கத்தைத் தொடக்கி வைத்தவன் சுகிர்தத்தின் புருஷன் றெஜி. அந்த மதிலைக் கட்டியவனும் அவன்தான். கட்டி முடித்த பிறகுதான், ஐயையோ வீதி மறைக்குதே என்று கண்டான். வேறொருவன் என்றால் மேலே உள்ள கல்லைக் கொஞ்சம் இறக்கியிருப்பான். றெஜி மதிலைத் தொடவில்லை, ஹோனை அடித்தான். வேலையால் வரும்போது மோட்டார்சைக்கிளில் நீட்டாய் ஒன்று, கட்டையாய் இரண்டு. அது முடக்குக்கும் ஹோன், சுகிர்தத்துக்கும் ஹோன். அவள் தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டிவிட்டுப் போய்க் கேற்றைத் திறப்பாள். ஊர்ப் பெடியளுக்கு இது நல்ல பகிடியாகிவிட்டது. போகிறவன் வருகிறவன் எல்லாம் நீட்டாய் ஒன்று, கட்டையாய் இரண்டு அடித்து, "அக்கா, தேத்தண்ணி!" என்று கத்திவிட்டுப் பறப்பான்.

றெஜி கப்பலேறிப் போய்ப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. கப்பல் என்று பெருமைக்குச் சொல்கிறேன், மீன்பிடி றோளர்தான். ஆளாளுக்கு அவுஸ்திரேலியா என்று புறப்பட்ட காலம் அது. போய்க் காலூன்றிவிட்டு அவளைக் கூப்பிடுகிறேன் என்று போனான். "வெளிக்கிடுறம், பயப்பிடாதை" என்று ஒரு தரம் ஃபோன் எடுத்தான். அவ்வளவுதான். படகு போய்ச் சேர்ந்ததென்றும் கதையில்லை, கடலில் மூழ்கியதென்றும் கதையில்லை. ஞாபகார்த்த ஆராதனையொன்று வைப்போமா என்று போதகர் ஒருநாள் நயமாகக் கேட்டுப் பார்த்தார். சுகிர்தம் ஒரு பார்வை பார்த்தாள். மனிசன் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இன்றைக்கும் ஞாயிறு ஆராதனையில் றெஜியின் பெயர் பிரயாணத்தில் இருக்கிறவர்களுக்கான ஜெபத்தில்தான் வரும். கர்த்தருக்குள் நித்திரையடைந்தவர்களோடு சேர்க்க அவள் விடமாட்டாள்.

ஊர் ஹோனை விடவில்லை. பகிடி போய், அது ஒரு பாசமாகிவிட்டது. தனிய இருக்கிற மனிசிக்கு ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போவது போல அடித்துவிட்டுப் போனார்கள். நீட்டாய் ஒன்று, கட்டையாய் இரண்டு கேட்டால் குசினியில் நிற்கிற சுகிர்தத்தின் நெஞ்சு திக்கென்று எழும்பும். அவர் இல்லை என்று நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டும் எழும்பும். கையைத் துடைத்துக்கொண்டு கேற்றடிக்குப் போய் எட்டிப் பார்க்கிறவரைக்கும் அவள் புருஷன் வந்துகொண்டிருப்பான். அந்தக் கொஞ்ச நேரத்தை நம்பித்தான் அவள் இருந்தாள் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள், எனக்கென்ன.

போன மாரியில்தான் அந்தக் கண்றாவி நடந்தது. அடுத்த வீட்டு யசிந்தாவின் மகள் ஷாமினி ஸ்கூட்டியில் ஒழுங்கையால் வந்தாள். வீதியால் ஒரு லான்ட்மாஸ்ரர் வந்தது. அவளும் ஹோன் அடித்தாள், அவனும் அடித்தான். ஒருவர் ஹோன் மற்றவருக்கு நன்றாகக் கேட்டது. யாரோ சுகிர்தம் அக்காவுக்கு அடிக்கிறான் என்று அவள் நினைத்தாள். அவனும் அதையே நினைத்தான். நினைத்துக்கொண்டு இரண்டு பேரும் நேரே வந்தார்கள். வேறெந்த ஊரிலாவது இப்படியொரு கூத்து நடக்குமா, சொல்லுங்கள்! பிள்ளைக்குக் கால் எலும்பு முறிந்து, மாதக்கணக்கில் படுக்கை. உயிர் தப்பியது கர்த்தரின் கிருபை என்று சுகிர்தம் அழுதாள். மாதாவின் கிருபை என்று யசிந்தா அழுதாள்.

அழுதுவிட்டு யசிந்தா சும்மா இருக்கவில்லை. வட்டார உறுப்பினர் பிறேமின் வாசலில் போய் நின்றாள். பிறேம் பிரதேச சபைக்குப் புதியவன், சேட்டின் மடிப்புக்கூட இன்னும் குலையவில்லை. அடுத்த கூட்டத்திலேயே பிரேரணை கொண்டுவந்தான். முடக்கில் இரண்டு வேகத்தடை, ஒரு எச்சரிக்கைப் பலகை, மூலை மதிலைச் சரிவாக வெட்டி இடுப்பளவுக்கு இறக்குவது. சபையைப் பற்றித்தான் தெரியுமே. வேகத்தடையால் இடுப்பும் நாரியும் நோகும் என்று ஒருவர் எழும்பினார். என்ரை வட்டாரத்து முடக்கு என்ன பாவம் செய்தது என்று இன்னொருவர் எழும்பினார். வடையும் தேத்தண்ணியும் வந்தபிறகு ஏகமனதாக நிறைவேறியது. ஆனால் ஒரு நிபந்தனை. மதில் நிற்பது தனியார் காணி. சொந்தக்காரி சம்மதித்தால்தான் வேலை தொடங்கும். வீடு சுகிர்தத்தின் சீதனம், ஆகவே கையெழுத்தும் அவள்தான் வைக்கவேண்டும்.

பிறேம் பல்லெல்லாம் தெரிய வந்தான்.

"அக்கா, சபையிலை பாஸ் பண்ணியாச்சு. நீங்கள் ஒரு கையெழுத்து வைச்சால் சரி."

"ஏலாது தம்பி."

"என்னக்கா, விளையாடுறியளே?"

"அவர் கட்டின மதில். அவர் வந்து எங்கை மதில் எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

பிறேம் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய் யசிந்தாவை அனுப்பினான்.

சுகிர்தம் கதிரையில் இருக்கச் சொல்லியும் யசிந்தா இருக்கவில்லை.

"உண்மையைச் சொல்லு சுகிர்தம். மதிலோ உனக்குப் பெரிசு?"

சுகிர்தம் சீலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். பிறகு சொல்லிவிட்டாள்.

"மதிலை இறக்கினால் எல்லாருக்கும் வீதி தெரியும். பிறகு ஆரடி ஹோன் அடிக்கப்போகினம்?"

யசிந்தாவின் முகம் கறுத்தது. "உன்ரை ஹோனாலைதான் என்ரை பிள்ளை கட்டிலிலை கிடக்கிறாள்" என்றாள். கேற்றைச் சாத்தாமலே போய்விட்டாள். இரண்டு வீட்டுக்கும் இடையில் கறிக்கிண்ணம் போய்வருவது அன்றோடு நின்றது.

சுகிர்தத்துக்கு வெட்கமாக இருந்தது. ஷாமினியைத் தூக்கிச் சோறு தீத்தியவள் அவள். யசிந்தா சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. எல்லாம் விளங்கியது, ஆனால் கை எழும்பவில்லை. ஹோன் போனால் றெஜியும் போய்விடுவான். பன்னிரண்டு வருஷம் போதகரிடமும் ஊரிடமும் கொடுக்காமல் வைத்திருந்த மனிசனைப் பிரதேச சபைக்கு எப்படிக் கொடுப்பது? "கர்த்தரே, எனக்கு நல்ல புத்தியைத் தாரும்" என்று ஜெபித்தாள். நல்ல புத்தி வந்தால் என்ன செய்வது என்று பயந்துகொண்டும் இருந்தாள்.

வேறு வழி ஏதும் உண்டா என்று பார்க்க, சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் சுஜீவன் வந்தான். அளவு நாடாவும் கையுமாக வீதியில் குனிந்தான், ஒழுங்கையில் குனிந்தான், உதட்டைப் பிதுக்கினான். வேறு வழியில்லை. கடைசியில் குசினிக்குள் வந்து, யன்னலுக்கு நேரே தெரிந்த மதிலைக் காட்டினான்.

"அம்மா, இந்த மூலைதான் எல்லாத்தையும் மறைக்குது. இது போனால், நீங்கள் இந்த யன்னலடியிலை நிண்டாலே சேர்ச்சடியிலை திரும்பி வாற ஆளைக் காணலாம்."

சுகிர்தம் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சேர்ச்சடியிலையிருந்தோ?"

"ஓமம்மா. வீதி நேர்தானே."

"ஆள் ஆரெண்டு தெரியுமோ?"

"தெரியாமல்? நல்லாத் தெரியும்."

அவர் வருவதை, வீதியின் கடைசியில் தேவாலயம் நிற்கிற அவ்வளவு தூரத்திலேயே காணலாம். முடக்குக்கு வந்து ஹோன் அடிக்கிறவரை காத்திருக்கத் தேவையில்லை. அடுப்பை மூட்டி, தலையைக் கோதி, கேற்றைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கலாம். இப்படியொரு யோசனை இத்தனை நாளும் தனக்கு வரவில்லையே என்று கையை அவசரமாகத் துடைத்தாள்.

"கொண்டாங்கோ பேனையை" என்றாள்.

சுஜீவன் தான் விளங்கப்படுத்திய விதத்தைத் தானே மெச்சிக்கொண்டு போனான். பிறேம் சபையில் எழும்பி, பொதுநலத்துக்காகத் தன் மதிலையே தந்த தாயுள்ளம் என்று நன்றி சொன்னான். யசிந்தா கண்ணீரோடு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். கறிக்கிண்ணம் திரும்பவும் நடக்கத் தொடங்கியது. சுகிர்தம் எல்லோருக்கும் தலையை ஆட்டினாள். உண்மையை யாரிடம் போய்ச் சொல்வது?

வேலை கெதியில் முடிந்தது. முதல் கிழமை ஏழு நாளும் அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குசினியை விட்டு அசையவில்லை. அரிசி களைவதும் யன்னலடியில், தேங்காய் துருவுவதும் யன்னலடியில். வீதி அவ்வளவு நீளத்துக்கு வெளிச்சமாகக் கிடந்தது. வேகத்தடையில் வாகனங்கள் மெல்ல ஏறி இறங்கின. யாரும் ஹோன் அடிக்கவில்லை. அடிக்க என்ன இருக்கிறது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரிகிறதே.

இரண்டாவது கிழமைதான் அவளுக்கு விளங்கியது. சேர்ச்சடியில் ஒரு மோட்டார்சைக்கிள் திரும்பும். திரும்பும்போதே தெரிந்துவிடும், அது தபால்காரர் என்று. அடுத்தது திரும்பும், அது கனிசியஸ் மாஸ்ரர். முன்பென்றால் அவள் கேற்றடிக்குப் போகிறவரையாவது றெஜி வந்துகொண்டிருந்தான். இப்போது சேர்ச்சடியிலேயே இல்லாமல் போய்விடுகிறான். பிறகு அந்த வேறு யாரோ ஒருவன் அவ்வளவு தூரமும் வந்து முடிகிறவரை அவள் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். ஐயோ, என்ன வேலை பார்த்துவிட்டேன் என்று அடுப்படியில் இருந்து வாய்விட்டு அழுதாள்.

மதிலைத் திரும்பக் கட்டவா முடியும்? ஷாமினி ஊன்றுகோலை விட்டுவிட்டு அந்த முடக்கால் நடந்து போகிறாள். அதைப் பார்க்கச் சுகிர்தத்துக்குச் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்தை ஒருவரும் குறை சொல்லமுடியாது.

ஒரு பின்னேரம் யசிந்தா கத்தரிக்காய்க் கறியோடு வந்தாள். சுகிர்தம் யன்னலடியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருந்தாள். மூக்குக்கண்ணாடி கழற்றி மடியில் கிடந்தது.

"என்னடி இது? கண்ணாடி இல்லாமல் உனக்கு முன்னாலை நிக்கிற ஆளே தெரியாது, வீதியிலை என்னத்தைப் பாக்கிறாய்?"

சுகிர்தம் திரும்பவில்லை.

"போட்டால் தூரத்திலையே தெரிஞ்சிடுது யசிந்தா, அவர் இல்லையெண்டு. போடாட்டில் கிட்ட வருமட்டும் அவர்தான்."

யசிந்தா கிண்ணத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு இருந்தாள். சேர்ச்சடியில் ஒரு மோட்டார்சைக்கிள் திரும்பியது. பின்னால் பாண் பெட்டி கட்டியிருந்தது. வருவது பாண் விற்கிற கிறகோரி என்று யசிந்தாவுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"ஆரடி அது?" என்று சுகிர்தம் கேட்டாள்.

யசிந்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியேல்லையடி" என்றாள். "கிட்ட வரட்டும்."