ஈராயிரம் வருடத்து மில்லுக்கல்

1

ஹவ்வா உம்மா என்னிடம் கேட்டது ஒரு பெட்டிசம், மேலிடத்துக்கு அனுப்ப ஒரு மனு. கதை எழுதுகிறவனுக்கு அதுவும் எழுத வரும் என்று கல்முனைக்குடியில் யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். எத்தனை தரம் தொடங்கினாலும் இரண்டாம் வரியிலேயே அது கதையாகிவிடுகிறது. ஆகவே வாசகரே, உங்கள் கையில் இருப்பது வழிதவறிய ஒரு பெட்டிசம்.

2

முதல் தொடக்கம்: 'கடல் பொங்கி ஆறாம் வருடம், யுத்தம் முடிந்து மறு வருடம், மண்ணுக்குள் உறங்கிய ஒரு நாகரிகம்...' (வேண்டாம். உறங்கியது நாகரிகமல்ல, மில்லுக்கல்.)

நேராகச் சொல்கிறேன். மகள் நபீஸாவுக்கு வீடு கட்ட ஹவ்வா உம்மா அத்திவாரம் வெட்டினார். எங்கள் பக்கத்தில் பெண்ணின் வீட்டுக்குத்தான் மாப்பிள்ளை குடிவருவார். வீடில்லை என்றால் கலியாணமும் இல்லை. வெட்டிய குழியில் உருண்டையாக, நடுவில் துளையோடு ஒரு கல் தட்டுப்பட்டது. நெல் மில்லில் அரிசி தீட்டித் தேய்ந்ததும் தூக்கிப்போடுகிற கல் அது; தொழிற்சாலையில் குழைத்து வார்த்தது. கணவர் சாலிஹ் அதைக் கேட்டு வாங்கிவந்து கிணற்றடியில் போட்டிருந்தார். கடல் அவரைக் கொண்டுபோனது. கல்லை மண்ணால் மூடியது.

கல்லைக் கண்டதும் ஹவ்வா உம்மா குழிக்குள் உட்கார்ந்து அழுதார். அழுகை கேட்டுக் கூட்டம் கூடியது. கூட்டத்தைக் கேள்விப்பட்டு அதிகாரி* வந்தார்.

3

அவர் கல்லைத் தடவினார், துளைக்குள் விரலை விட்டார், ஈராயிரம் வருடத்துத் தூணின் அடி என்றார். வளவைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டப்பட்டது; வீட்டு வேலை நின்றது.

"இது நான் உடுப்புக் கழுவின கல்லு சேர்," என்றார் ஹவ்வா உம்மா.

இவ்வளவு அரிய பொருளைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துவிட்டீர்களே என்று அதிகாரி மனம் நொந்துபோனார்.

*எந்தக் காரியாலயம் என்று எழுதமாட்டேன். என் வீட்டு வாசலிலும் அப்படி ஒரு கல் கிடக்கிறது.

4

இங்கே என் கதாபாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். இவ்வளவு கெட்டிக்காரி அடுத்த காரியத்தைச் செய்வாரா? செய்தார். மில்லையும் கடல் கொண்டுபோனதால் சாட்சிக்கு ஆளில்லை. ஆனால் மில் கழித்த கற்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு கிடந்தன. அவற்றைக் கைவண்டியில் ஏற்றிவந்து நாடாவுக்கு வெளியே வரிசையாக அடுக்கினார். ஒரே அச்சு, ஒரே துளை, குருடனுக்கும் விளங்கும்.

அதிகாரிக்குக் கண் கலங்கியது. ஒரு தூண் என்றல்லவா நினைத்தோம், இது பெரிய மண்டபம் என்றார். எந்தக் கல் எந்த வீட்டில் கிடந்தது என்று அன்பாக விசாரித்தார். அஸர் தொழுகை நேரத்துக்குள் ஒழுங்கை முழுக்க மஞ்சள் நாடா. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். அயலவர்கள் ஹவ்வா உம்மாவோடு கதைப்பதை விட்டுவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் வாப்பா ஸலாஹுதீன் மரியாதையானவர். ஹஜ்ஜுப் பெருநாள் வரை பார்ப்போம், அதற்குப் பிறகு வேறு இடம் பார்க்க வேண்டிவரும் என்று சொல்லியனுப்பினார்.

5

முடிவு அ: அதிகாரி அக்கரைப்பற்றுக்குப் போகிறார். அங்கே ஒரு மில்லில் அதே கல் சுற்றி அரிசி தீட்டுவதைக் காண்கிறார். (மில்லுக்கும் நாடா கட்டிவிட்டால்?)

முடிவு ஆ: நபீஸாவும் மாப்பிள்ளையும் ஒருநாள் யாருக்கும் சொல்லாமல்... (ஹவ்வா உம்மா இதை வெட்டச் சொல்லிவிட்டார்.)

எழுதியவரை அவருக்கு வாசித்துக் காட்டினேன். சிரிக்கவில்லை.

"முடிவு வராட்டிப் பரவால்ல தம்பி. வாசிக்கிற ஆக்கள்ட்டச் சொல்லுங்க, என்ட புள்ளைக்கி ஊடு வேணும். கட்ட வாங்கின சீமெந்து பேக்கெல்லாம் மழையில நனைஞ்சிட்டு இரிக்கி. அது இறுகிச்செண்டா, அதையும் பழங்காலத்துக் கல்லெண்டு சொல்லிருவாங்க."

கேட்டீர்களல்லவா? முடிவை நீங்களே எழுதுங்கள். சீமெந்து இறுகுவதற்கு முன்னால்.