பெற்றோர் தனியாக, மாணவர் தனியாக

உதவித்தொகை நேர்காணல் நாளில் எங்கள் கல்லூரியில் என் ஆட்சிதான். வரிசைப்படி கூப்பிடுவது, உட்கார வைப்பது, பெற்றோர் சொல்வதை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்குவது, எல்லாம் நான். பதினோரு வருடமாகச் செய்கிறேன். கேள்வி கேட்பவர்கள் மூன்று பேராசிரியர்கள். அவர்களுக்குத் தலைவர் கணக்குப் பேராசிரியர். நிமிடத்துக்கு ஒருமுறை மணி பார்ப்பதால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் மணிக்கூண்டு.

விதிப்படி பெற்றோரைத் தனியாகவும் மாணவரைத் தனியாகவும் விசாரிக்க வேண்டும். முப்பது குடும்பங்களை அப்படி விசாரித்தால் பொழுது சாய்ந்துவிடும். ஆகவே முதல் வருடமே இருவரையும் சேர்த்து உள்ளே அனுப்பினேன். மணிக்கூண்டுக்குப் பரம திருப்தி. விதி மட்டும் வருடம் தவறாமல் வாசற்கதவில் நான் ஒட்டும் அறிவிப்பில் பத்திரமாக இருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது என் கட்சி.

அன்று சாப்பாட்டு இடைவேளைக்கு முன் கடைசியாக, பதினேழாவதாக, ஓர் அப்பாவும் மகளும் வந்தார்கள். மதிப்பெண்ணில் அந்தப் பெண்தான் முதலிடம். அப்பா ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர் என்றது விண்ணப்பம். இஸ்திரி மடிப்புக் கலையாத சீருடையிலேயே வந்திருந்தார்.

"வீட்டு நிலைமை எப்படிங்க?" என்று மணிக்கூண்டு கேட்டார்.

அப்பா பக்கத்தில் இருந்த மகளை ஒரு பார்வை பார்த்தார். "ஒரு குறையும் இல்லைங்க. நிரந்தர வேலை. நைட் டூட்டி கூடக் கேட்டா பாக்குறேன். புள்ளைக்கு நான் எதுவும் குறை வைக்கல."

"அப்புறம் உதவித்தொகை எதுக்கு?"

"நல்லாப் படிக்கிற புள்ளைக்குக் குடுப்பாங்கன்னு சொன்னாங்க."

"அப்பா சொல்றது சரிதானேம்மா?"

"ஆமா சார்" என்றாள் அவள், மேசைக் காலைப் பார்த்துக்கொண்டு.

எழுதி நீட்டினேன். அவர் அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டார். 'தேவை' என்ற கட்டத்தில் மூவரும் சுழியம் போட்டார்கள். அதில் சுழியம் வாங்கியவர் எத்தனை மதிப்பெண் வைத்திருந்தாலும் பட்டியலில் வரமாட்டார். மகளின் படிப்புக்குத் தன் வாயாலேயே வேட்டு வைத்துவிட்டு அந்த மனிதர் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். வறட்டுக் கௌரவம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

சாப்பாட்டு இடைவேளையில் அந்தப் பெண் மட்டும் என் மேசைக்கு வந்தாள்.

"மேடம், அந்தத் தாளைத் திருத்த முடியுமா? அப்பாவுக்கு வேலை போயி அஞ்சு மாசமாச்சு."

"அதை உள்ளேயே சொல்றதுக்கென்ன? வாயில என்ன பூட்டா?"

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கார் மேடம். தினமும் சீருடை போட்டுக்கிட்டுக் கிளம்புறார். டிபன் டப்பா நான்தான் கட்டிக் குடுக்கிறேன்." கொஞ்சம் தயங்கினாள். "கதவுல தனித்தனியான்னு போட்டிருந்துச்சு. அதை நம்பித்தான் வந்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. வழக்கம்போல் கோபம்தான் முந்திக்கொண்டது. "எனக்கே சட்டம் சொல்றியா? போய் உக்காரு" என்றேன். போய் உட்கார்ந்தாள். எதிர்த்து இரண்டு வார்த்தை பேசியிருந்தால் அத்தோடு மறந்திருப்பேன்.

கையெழுத்துப் போட்ட தாளைத் திருத்த முடியாது. நேர்காணலே செல்லாது என்றால்தான் உண்டு. அதை யார் சொல்வது? பதினோரு வருடத்தில் இன்னும் எத்தனை பிள்ளைகள் அந்த மேசைக் காலைப் பார்த்துக்கொண்டு "ஆமா சார்" சொல்லியிருப்பார்கள் என்று யோசித்தேன். வெட்கமாக இருந்தது. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்தேன்.

"சார், காலையிலேருந்து நடந்தது விதிப்படி இல்ல. தனித்தனியாக் கூப்பிடணும். தப்பு என்னோடது" என்றேன் மணிக்கூண்டிடம்.

"இத்தனை வருஷமா இல்லாத விதி இன்னைக்கு எங்கேருந்து குதிச்சுது?"

"நான் ஒட்டின கதவுலேருந்துதான் சார்."

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தால் என் பணிப்பதிவேட்டில் ஏறும். எழுதிக் கொடுத்தேன். மாலையே பட்டியல் ஒட்டுவோம் என்பதால் யாரும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. பதினேழு குடும்பங்களையும் மறுபடி முதலிலிருந்து கூப்பிட்டோம். காத்திருந்தவர்கள் என் காதுபடவே என்னைத் திட்டினார்கள்.

அந்தப் பெண் தன் முறையில் தனியாக வந்து இரண்டே வரியில் சொன்னாள். "நான் சொன்னேன்னு மட்டும் அப்பாகிட்ட சொல்லிடாதீங்க சார்."

"சொல்லலம்மா. ஆனா பெற்றோர் வாக்குமூலம் அவர் வாயால வரணும். அவர் பழையபடியே சொன்னா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் மணிக்கூண்டு.

அவளை வெளியே அனுப்பிவிட்டு அப்பாவை அழைத்தேன். அதே நாற்காலி, அதே கேள்வி.

"வீட்டு நிலைமை எப்படிங்க?"

அவர் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். அது காலியாக இருந்தது. பிறகு திரும்பி வாசலைப் பார்த்தார்.

"கதவு நல்லாச் சாத்தியிருக்குங்களா?" என்று என்னைக் கேட்டார்.

எழுந்து போய்த் தாழ்ப்பாள் போட்டேன். திரும்பி வந்து புதுத் தாளை எடுத்துவைத்துக் காத்திருந்தேன். மணிக்கூண்டு மணி பார்க்கவில்லை.