எல்லாம் இருக்கிற வீடு

இரண்டாயிரத்து இருபதாம் வருடம் ஜூலை மாதம், சேலையூர் ஆரோக்கிய நகர் மூன்றாம் தெருவில் சத்தியநாதன் சாரின் வீடு தரையை விட்டு ஒரு முழம் மேலே எழும்பி நின்றது. அந்த வாரம் தக்காளி கிலோ நாற்பது ரூபாய்; சின்ன வெங்காயம் கண்ணிலேயே படவில்லை. அஸ்திவாரக் கல்லோடு அலுங்காமல் குலுங்காமல் எழும்பியதால் ஒரு டைல்ஸ்கூடப் பெயரவில்லை. கம்பத்திலிருந்து வரும் ஒயரைத் தாராளமாக விட்டிருந்தார்கள், அதனால் கரண்டும் போகவில்லை. வீட்டுக்கு அடியில் விழுந்த நிழலில் இரண்டு தெருநாய்கள் போய்ப் படுத்துக்கொண்டன. ஊரடங்கு என்பதால் வேடிக்கை பார்க்க யாரும் தெருவில் இறங்கவில்லை, ஜன்னலோடு சரி. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்று சொல்லிவைத்த பெரியவர்கள், வீடும் பறக்கும் என்று சொல்லிவைக்க மறந்துவிட்டார்கள்.

ஏன் எழும்பியது என்று தெரிந்த ஒரே ஆள் சாரின் மனைவி பியூலா. அரிசி டிரம்மில் டம்ளர் அடிதட்டிய அன்றைக்குத்தான் வாசற்படி முதன்முதலாக ஒரு விரற்கடை உயர்ந்ததை அவள் பார்த்தாள். சத்தியநாதன் தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஏப்ரலில் பாதிச் சம்பளம் வந்தது, ஜூனில் அதுவும் நின்றுபோனது. நகராட்சி சும்மா இருக்கவில்லை. வீடு வீடாகக் காய்ச்சல் விசாரிக்க வந்த மாரி, அரிசி பருப்பு இல்லாத வீடுகளையும் விசாரித்து, கல்யாண மண்டபத்தில் குவித்திருந்த நிவாரண மூட்டைகளை அனுப்பிவைத்துக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் கேட்டுக்கு வெளியே நின்று, “இன்னா சார், எதுனா வோணுமா?” என்பாள். சார் இஸ்திரி போட்ட சட்டையோடு வராந்தாவுக்கு வந்து, “எல்லாம் இருக்கும்மா. இல்லாதவங்களுக்குக் குடுங்க,” என்பார். சொல்லி முடித்த கையோடு வீடு இன்னும் கொஞ்சம் ஏறும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சபையில் ஏழைகளுக்கு அரிசி கொடுக்கிற பொறுப்பு அவருடையது. கொடுத்துப் பழகிய கை அவ்வளவு சீக்கிரம் நீளுமா? கௌரவத்தை உலையில் போட்டால் கஞ்சியாவது வருமா என்று பியூலா ஒருநாள் கேட்டேவிட்டாள். அவர் எழுந்துபோய் மறுநாளைக்கான சட்டையை இஸ்திரி போட்டார்.

பக்கத்து வீட்டு அரிகிருஷ்ணன்தான் நகராட்சிக்குப் போன் போட்டவர். டிராவல்ஸ் வைத்திருந்தவர், வாய் கொஞ்சம் நீளம். இரண்டு வீட்டுக்கும் பொதுவான காம்பவுண்டுச் சுவர் இழுபடுகிறது, இப்படியே விட்டால் தெருவுக்கே மானக்கேடு என்று முறையிட்டார். சுகாதார ஆய்வாளர் வேதாசலம் வந்து, குனிந்து வீட்டின் அடிப்பாகத்தைப் பார்த்தார். முதலில் யாருக்காவது காய்ச்சல் உண்டா என்று கேட்டார். இல்லை என்றதும், அப்படியானால் கனம் போதவில்லை, மணல் மூட்டை ஏற்றலாம் என்றார். மணல் லாரி ஓடவில்லை. இருந்தது மண்டபத்து அரிசி ஒன்றுதான். நிவாரணம் என்றால் வேண்டாம், எடை என்றால் வைத்துக்கொள்ளுங்கள், வீடு இறங்கியதும் அப்படியே திருப்பித் தருகிறேன் என்றார் சத்தியநாதன். மனுஷனுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள். ஏணி வைத்து மூட்டைகளை ஏற்றி ஹாலில் அடுக்கினார்கள். வீடு இறங்கவில்லை. மறுநாள் இன்னும் ஒரு சாண் ஏறியது. மேலும் மூட்டைகள் வந்தன, அதற்கும் ஏறியது. கடைசியில் வீடு ஆள் உயரத்துக்குப் போய்விட்டது. தண்ணீர்க் குழாய் பிய்ந்துகொண்டது. ஹால் நிறைய அரிசி மூட்டை. அதன்மேல் பையன் ஸ்டெபினும் சின்னவள் சுஜியும் வெறும் வயிற்றோடு படுத்துக் கிடந்தார்கள்.

ஒரு மத்தியானம் சுஜி மூட்டையில் விரலால் ஓட்டை போட்டு, பச்சரிசியை வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டாள். சத்தியநாதன் பார்த்துவிட்டார். அது நம்முடையது இல்லை என்று சொல்லி, குழந்தையின் தாடையைப் பிடித்து, கடைசி மணிவரை துப்ப வைத்தார். பியூலாவுக்கு ஆத்திரம் பொங்கியது. கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் புருஷன்மேல் அப்படி ஒரு வெறுப்பு அவளுக்கு வந்ததே இல்லை. அரிவாள்மணையை எடுத்து மூட்டையின் தையலை அறுத்தாள்.

“வெயிட்டுதானேங்க? எம் புள்ளைங்க வயித்துல வெச்சுக்கிறேன். வீட்டுக்குள்ளதானே இருக்கும்,” என்றாள்.

சோறு பொங்கியது, தொட்டுக்கொள்ள ஊறுகாய் மட்டும்தான். பிள்ளைகள் இரண்டாம் கவளம் உருட்டும்போதே அடுப்படி பக்கம் வீடு மெதுவாக இறங்கி, தரையைத் தொட்டு உட்கார்ந்தது. பியூலா ஒரு வாய் போட்டுக்கொண்டதும் படுக்கையறையும் இறங்கியது. இறங்காதது ஹாலின் தெற்கு மூலை ஒன்றுதான். அங்கே நாற்காலி போட்டுச் சத்தியநாதன் உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு, நான் சாப்பிட்டாச்சு என்றார். யார் வீட்டில் சாப்பிட்டாரோ, கர்த்தருக்கே வெளிச்சம். அந்த மூலை சட்டென்று இன்னும் ஒரு சாண் ஏறியது. ஜன்னலிலிருந்து மேல்தளம்வரை சுவர் விரிசல் விட்டது. மூட்டைக் கணக்கு பார்க்க வந்து கீழே நின்ற வேதாசலம், இப்படியே போனால் பொழுது சாய்வதற்குள் வீடு இரண்டாகப் பிளந்துவிடும், பிள்ளைகளோடு வெளியே வாருங்கள் என்று கத்தினார். பியூலா வெளியே போகவில்லை. இந்த மனுஷனை அந்த மூலையில் தனியே விட்டுப் போனால் திரும்பிக் கிடைக்கமாட்டார் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

சுஜிதான் கிளம்பினாள். அப்பாவுக்கு என்று ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு, சாய்ந்து கிடந்த ஹாலில் ஒரு கையை ஊன்றி ஏறினாள். பாதி வழியில் கால் வழுக்கி அடுப்படிவரை சறுக்கிவந்தாள். சோறு தரையெல்லாம் சிந்தியது. மறுபடி போட்டுக்கொண்டு மறுபடி ஏறினாள். மறுபடி சறுக்கி, இந்தத் தடவை நெற்றி அடுப்படிக் கதவு நிலையில் இடித்தது. அவள் அழாமல் தட்டைத் தேடினாள். தலைக்குமேல் விரிசலிலிருந்து காரை உதிர்ந்தது. சத்தியநாதன் எழுந்தார். சுவரைப் பிடித்துப் பிடித்து, குழந்தை மாதிரி உட்கார்ந்து நகர்ந்து, அடுப்படிக்கு இறங்கிவந்து சுஜியின் நெற்றியைத் தேய்த்துவிட்டார்.

“போடு பியூலா. பசிக்குது,” என்றார்.

அவர் சாப்பிடும்போது அழுதார். பியூலா பார்க்காததுபோல் இன்னொரு கரண்டி போட்டாள். அவள் கோபம் தீர்ந்துவிடவில்லை, ஆனாலும் போட்டாள். தெற்கு மூலை தொம்மென்று தரையில் இறங்கிய சத்தம் கடைசி வீடுவரை கேட்டது. நாய்கள் முன்பே விலகியிருந்தன. விரிசல் மூடவில்லை, அது அப்புறம் சிமெண்ட் பூச்சில் போயிற்று. நகராட்சி மூட்டைகளைத் திருப்பிக் கேட்கவில்லை, சத்தியநாதனும் திருப்பித் தருகிறேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலையில் மாரி தெருவுக்குள் நுழைந்தபோது, அரிகிருஷ்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் வீட்டு அஸ்திவாரத்தோரம் குந்தியிருந்தார். வீடு எழும்பிய இடைவெளி வெளியே தெரியாமல் வீட்டைச் சுற்றிலும் செருகியிருந்த செங்கற்களை ஒவ்வொன்றாக உருவி வெளியே வைத்துக்கொண்டிருந்தார். முழுவதும் எடுத்ததும் வீட்டுக்கு அடியில் அந்தப் பக்கத்து வெளிச்சம் இந்தப் பக்கம் தெரிந்தது. இன்னும் இரண்டு வீடுகளிலும் ஆட்கள் அதே வேலையாகக் குனிந்திருந்தார்கள். எப்போதிலிருந்து என்று மாரி யாரையும் கேட்கவில்லை.

“வூட்ல எத்தினி பேரு சார்?” என்றாள்.

“மூணு பேரும்மா,” என்றார் அரிகிருஷ்ணன்.