முன்கூட்டியே கொடுத்த முடி

மணியம்மைக்குச் சுட்டுப்போட்டாலும் பொறுமை வராது. அதனால்தான் வேண்டுதல் பலிப்பதற்கு முன்பே மொட்டை போட்டுக்கொண்டாள்.

வேண்டுதல் இதுதான்: புருஷன் பரசுராமன் மேடையேறி அந்தப் பாட்டை ஒரே ஒரு தடவை முழுசாகப் பாடி முடித்தால், திருத்தணி முருகனுக்கு முடி கொடுக்கிறேன். வேறு யாராக இருந்தாலும் பாட்டு முடியட்டும் என்று காத்திருப்பார்கள். இவளோ அவர் பாடவிருந்த நாளன்று காலையிலேயே பொதட்டூர்பேட்டையில் முதல் பஸ்ஸைப் பிடித்து, மலையேறி, இடுப்பு வரை தொங்கிய முடியை இறக்கிவிட்டாள். கை நீட்டி வாங்கிக்கொண்ட சாமி, பிறகு கையை விரிக்க முடியாதல்லவா! "வாங்கிகினு ஏமாத்தினே, நான் சும்மா இருக்க மாட்டேன், ஆமா" என்று கோபுரத்தைப் பார்த்து ஓர் எச்சரிக்கையும் விட்டுவிட்டுத்தான் இறங்கினாள்.

பரசுராமன் அவளுக்குச் சொந்த அத்தை மகன். கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆகியும் பாவா என்றுதான் கூப்பிடுவாள். ஆர்கெஸ்ட்ராவில் ஊர் ஊராகப் பாடியவர். தலை நரைத்து நடை தளர்ந்த பிறகும் உன்னைத்தான் காதலிப்பேன் என்று ஒருவன் பாடுகிற பழைய சினிமாப் பாட்டு ஒன்றுதான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. சினிமாவில் பாடியவர் வேறு யாரோ. ஆனால் ஆர்.கே.பேட்டைப் பக்கம் கேட்டுப்பாருங்கள், அது பரசுராமன் பாட்டு. இரண்டாவது சரணத்தில் 'நரைத்த கூந்தலுக்கும் நான் மல்லிகை சூட்டுவேன்' என்ற அடி வந்ததும் மேடையை விட்டு இறங்கி, முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் மணியம்மையின் தலையில் மெய்யாகவே பூ வைத்துவிடுவார். விசில் பறக்கும். அந்த நாளில் அவள் தலையில் ஒரு நரைகூடக் கிடையாது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அவர் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பேச்சு திரும்பியது, பாட்டு திரும்பவில்லை. பக்கத்து வீட்டு டிவியில் பாட்டுச் சத்தம் கேட்டால்கூட மனுஷன் எழுந்து ஜன்னலைச் சாத்திவிடுவார். அதைப் பார்க்கப் பார்க்க மணியம்மைக்குப் பொறுக்காது.

இந்த நேரத்தில், பரசுராமன் பாட்டென்றால் உயிரை விடும் திருத்தணி ஹேமநாதனுக்கு அறுபதாம் கல்யாணம். தன் முதல் கல்யாணத்தில் பாடிய அதே பாட்டை அதே பரசுராமன் அண்ணன்தான் பாட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். "இன்னும் ஒரு தபா பார்க்கறேன் மணி. இதுலயும் வரலைன்னா, சாவற வரைக்கும் மைக்கைத் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஒத்திகைக்காக முந்தின நாளே திருத்தணிக்குக் கிளம்பிவிட்டார் பரசுராமன்.

கல்யாண மண்டபத்துக்குள் நுழையும் வரை மணியம்மைக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மேடையில் நின்ற பாவாவின் சட்டைப் பையிலிருந்து மல்லிகைச் சரம் எட்டிப் பார்த்ததும்தான் உறைத்தது. ஐயோ, பூ! முடியைக் கொடுக்கத் தெரிந்தவளுக்குப் பூ வைக்க முடி வேண்டுமே என்பது தோன்றவில்லை. தலையில் அடித்துக்கொண்டாள். சந்தனம் கையோடு வந்தது.

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கடைசி வரிசையில், பந்திக்கு இடம் பிடிக்கக் காத்திருந்தவர்களோடு உட்கார்ந்துவிட்டாள்.

கீபோர்டு சக்திவேல் சுருதியை நன்றாக இறக்கிக் கொடுத்தார். பல்லவி வந்தது. பழைய குரல் இல்லை. கரகரவென்று, மூச்சு வாங்கி வாங்கி வந்தது. முதல் சரணத்தில் ஓரிடத்தில் இருமல் குறுக்கிட்டது. எப்படியோ சமாளித்தார். இரண்டாவது சரணம். பூவைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். முதல் வரிசையில் அவளுக்காகப் போட்டிருந்த நாற்காலி காலியாக இருந்தது.

பாட்டு நின்றது. சக்திவேல் அதே இசையைச் சுற்றிச் சுற்றி வாசித்தார். ஜனங்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். பாவாவின் கையிலிருந்த மைக் மெல்லக் கீழே இறங்குவது மணியம்மைக்கு நன்றாகவே தெரிந்தது. இறங்கிய மைக் இனி மேலே ஏறாது.

மானமாவது மண்ணாங்கட்டியாவது! முந்தானையைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"பாவா! இங்க இருக்கேன். நீ பாடு!"

மண்டபமே திரும்பியது. சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு அவள் நிமிர்ந்து நின்றாள். பரசுராமன் வேகமாக நடந்து வந்தார்.

"இன்னா மணி இது? எதுக்கு?"

"நீ பாட்டை முடிச்சா குடுக்கறேன்னு வேண்டிகினேன். காத்துகினு இருக்க முடியலை, முன்னாடியே குடுத்துட்டேன். இப்ப நீ நிறுத்தினா என் முடிக்கு யாரு பதில் சொல்றது? பாடு."

அவர் கண் கலங்கிவிட்டது. அந்த மொட்டைத் தலையைப் பார்த்தபடியே, 'நரைத்த கூந்தலுக்கும்' என்று எடுத்தார். யாரோ களுக்கென்று சிரித்து, அப்படியே அடங்கிப்போனார்கள். குரல் உடைந்தது, கம்மியது, ஆனால் நிற்கவில்லை. கடைசி அடி வரை பாடி முடித்தார். அந்தப் பாட்டை ஆயிரம் தடவை கேட்டவள், அது தனக்காகத்தான் என்று அன்றைக்குத்தான் முழுசாக நம்பினாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

பூ இன்னும் அவர் கையிலேயே இருந்தது. மைக்கை அணைக்க மறந்துபோய்க் கேட்டார்:

"இப்ப இதை எங்கடி வைக்கிறது?"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. மணியம்மையும் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"பூ நிக்கிற அளவுக்கு முடி வளரணும்னா ஒரு வருசம் ஆவும் பாவா."

அவர் சரத்தை அவள் மணிக்கட்டில் நிதானமாகச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"ஆவட்டும். அதுவரைக்கும் பாடிகினே இருக்கேன்."