பாஸ்பேட்டில் தூக்கு

இன்று லேப் ஹெல்பர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. தேறினால் மூட்டை தூக்குவதிலிருந்து விடுதலை. இல்லையென்றால் மறுபடியும் அதே லாரி. நான் பயந்தது ஒரே கேள்விக்குத்தான். குழாயில் உப்புப் படியாமலிருக்கத் தண்ணீரில் கலக்கும் மருந்தின் பெயரைத் தடங்கலில்லாமல் சொல்ல வேண்டும்: சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட்.

மாலை வகுப்பில் ருக்சானா மேடம் அதைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டினார். ஹெக்சா என்றால் ஆறு. பாஸ்பேட்டில் பாஸ்பரஸும் ஆக்சிஜனும் இருக்கின்றன. புரிந்தது. எழுதவும் வந்தது. வாய்தான் ஹெக்சாவைத் தாண்டவில்லை. என் நாக்கு தடிமனோ என்று கண்ணாடி முன் நீட்டிப் பார்த்தேன். சரியான தடிமன் எவ்வளவு என்று தெரியாததால் முடிவுக்கு வர முடியவில்லை.

மூட்டை தூக்கும் எங்கள் கோஷ்டிக்குக் குரல் கொடுப்பவர் வடக்குத்து ஊர்க்காரர் சிங்காரவேல் அண்ணன். குரல் இல்லாமல் நாங்கள் எதையும் தூக்குவதுமில்லை, இறக்குவதுமில்லை. ஒருவர் முந்தினால் இன்னொருவர் கால் நசுங்கும். என் கஷ்டத்தைக் கேட்டவர், இனிமேல் அந்தப் பெயரையே குரலாக நான் கொடுக்க வேண்டும் என்றார். சோடியத்தில் குனிவோம். ஹெக்சாவில் பிடிப்போம். மெட்டாவில் மூச்சிழுப்போம். பாஸ்பேட்டில் தூக்குவோம். இறக்கவும் அதே குரல்தான். நாக்கு ஒரு முறைகூடத் தடுக்கவில்லை.

தேர்வு நடத்திய ராஜேந்திரன் சார் அந்த மருந்தின் பெயரைக் கேட்டார். முணுமுணுத்தேன். சத்தமாகச் சொல்லச் சொன்னார். கண்ணை மூடி, லாரியருகே நிற்பதாக நினைத்துக்கொண்டு சொன்னேன்.

வராந்தாவில் யாரோ அலறினார்கள்.

ஓடிப் பார்த்தோம். மேசையை இடம் மாற்ற எங்கள் கோஷ்டியை வரச் சொல்லியிருக்கிறார்கள். கிளார்க் வேலுமணி எழுதி முடிக்கட்டும் என்று நான்கு மூலையிலும் கைவைத்துக் காத்திருந்திருக்கிறார்கள். இப்போது மேசை அவர் மூக்குக்கு நேராக நின்றது. பேனா அந்தரத்தில். மேசைமேல் டீ கிளாஸ் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

"எறக்குங்கய்யா" என்றார் சார்.

"அவன் சொல்லாம எப்படி சார் எறக்கறது?" என்ற சிங்காரவேல் அண்ணன் என்னைப் பார்த்தார். "தூக்கிகினு நிக்கிறோம்டா. சொல்லித் தொலை, கை போவுது."

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். நாக்கைப் பற்றி யோசிக்க நேரமில்லை. சொன்னேன். மேசை அலுங்காமல் இறங்கியது. கிளாஸ் மட்டும் நிற்காமல் தரைவரை போய் உடைந்தது.

சார் அதைப் பார்த்துக்கொண்டே என் பெயருக்கு நேராக டிக் அடித்தார்.

"திங்கட்கிழமை வந்து சேருங்க. லேப்ல பூரா கண்ணாடிச் சாமான். அங்க இந்தப் பேர மெதுவா சொல்லுங்க."